அண்டை வீட்டுப் பாட்டு
(வாஷியில் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

யாம் புலவர் அல்லோம், பேச்சாளரும் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறியதோடு பள்ளியின் படியிறங்கியவர் யாம். இரயில்வே அலுவலகம் ஒன்றில் வருகைப் பதிவேடும் விடுப்புக் கணக்கும் எழுதுவது எம் தொழில். எவருக்கு எத்தனை நாள் விடுப்பு மீதமிருக்கிறது என்று கேட்டால் பிழையின்றிச் சொல்வோம். கவிதையில் எத்தனை அணி இருக்கிறது என்று கேட்டால் விழிப்போம். எனினும் செயலாளர் அவர்கள் எம்மை விடவில்லை. “நீங்கள் வண்டியில் இந்திப் பாட்டுக்குப் பொருள் சொல்லிக்கொண்டு வருவீர்களே, அதையே மேடையில் சொல்லுங்கள்” என்று பணித்துவிட்டார். குறையிருப்பின் பொறுத்தருள்க.

இத்தலைப்பு வெளியான அன்று மாலையே ஒரு பெரியவர் எம் வீட்டுக்கு வந்தார். அவர் இப்போது முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். 1965-ஆம் ஆண்டில் கல்லூரி மாணவராய் இருந்து, மொழிப் போராட்டத்தில் சிறை சென்றவர் அவர். காப்பியை அருந்தி முடித்துவிட்டு, “தம்பி, தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் இந்திப் பாட்டுக்கு என்ன வேலை?” என்று அமைதியாகக் கேட்டார். கோபத்தோடு கேட்டிருந்தால் யாம் சிரித்து மழுப்பியிருப்போம். அவர் வருத்தத்தோடு கேட்டார். ஆகவே விடை சொல்லியே ஆகவேண்டும். இந்த உரை முழுவதும் அவருக்கு யாம் சொல்லும் விடை என்று கொள்க.

யாம் பம்பாய்க்கு வந்தது 2001-ஆம் ஆண்டில். எம் தந்தையார் இரயில்வேயில் பணியிலிருந்தபோதே காலமானார். அவருடைய வேலை எமக்குக் கருணை அடிப்படையில் கிடைத்தது. தாமிரபரணிக் கரையிலுள்ள சிற்றூரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து, தாராவியில் உறவினர் வீட்டுப் பரண்மேல் படுத்துறங்கினோம். அப்போது எமக்கு இந்தியில் ஒன்று முதல் பத்து வரை எண்ணத் தெரியும், பதினொன்று தெரியாது.

ஆயினும் இந்நகரில் செவியை மூடிக்கொண்டு வாழ முடியுமா? தேநீர்க் கடையில் பாட்டு. முடிதிருத்தும் நிலையத்தில் பாட்டு. லோக்கல் வண்டியில் பக்கத்தில் நிற்பவரின் கைப்பேசியில் பாட்டு. அவற்றின் மெட்டு எம் மனத்தில் வந்து குடியேறிற்று. சொல் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. எட்டு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. வாய் பாடிற்று, பொருள் தெரியாது. இங்குள்ள நம் குழந்தைகளின் நிலை இன்று எவ்வாறோ, எம் நிலை அன்று அவ்வாறே.

சொல்லை உள்ளே அழைத்து வந்தவர் எம் அலுவலகத்து மூத்த எழுத்தர் ஒருவர். உத்தரப் பிரதேசத்துக்காரர், ஓய்வு பெற்றுத் தம் ஊருக்குச் சென்றுவிட்டார். அவரை நாங்கள் எல்லோரும் ‘சாச்சா’ என்றே அழைப்போம். நடுப்பகலில் அவர் ரொட்டியையும் யாம் புளிச்சோற்றையும் திறக்கும்போது அவர் ஏதேனும் ஒரு பழம்பாட்டை முணுமுணுப்பார். ஒருநாள் அதன் பொருளைக் கேட்டோம். ரொட்டி ஆறிப்போகும் வரை விளக்கினார். அன்று முதல் கிழமைக்கு ஒரு பாட்டு என்று முறை வைத்துக்கொண்டோம். ஒருநாள் அவர், “நீங்கள் இவ்வளவு வியக்கிறீர்களே, இதை எழுதியவர் நம்மவர்தாம், மாதுங்காவில் வேலை பார்த்த இரயில்வேக்காரர்” என்றார்.

அவர் சொன்ன கவிஞர் சைலேந்திரா. 1923-ஆம் ஆண்டில் இராவல்பிண்டியில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்விகம் பீகார், வளர்ந்தது மதுரா. நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிப் பம்பாய்க்கு வந்து, மாதுங்கா இரயில்வே பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாய்ச் சேர்ந்தார். அந்தப் பட்டறையை அறியாத தாராவித் தமிழர் உண்டோ? 1915-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது அது. இரயில் பெட்டிகளைப் பிரித்துச் செப்பனிட்டு மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றும் இடம். நம்மவர் பலருடைய தந்தையும் பாட்டனும் அதன் வாயிலில் காலைச் சங்கொலிக்கு நுழைந்து மாலைச் சங்கொலிக்கு வெளிவந்தவர்கள். அதே வாயிலில் நுழைந்த ஒருவர்தாம் பின்னாளில் உலகம் பாடிய பாட்டுகளை எழுதினார்.

அவர் மக்கள் நாடக மன்றத்தின் கூட்டங்களில் தம் கவிதைகளைப் படிப்பது வழக்கம். பஞ்சாபின் பிரிவினைத் துயரத்தைப் பற்றி அவர் படித்த கவிதையைக் கேட்ட இராஜ் கபூர், அதைத் தம் படத்துக்குத் தருமாறு வேண்டினார். கவிதை விற்பனைக்கு அன்று என்று சைலேந்திரா மறுத்துவிட்டார். பின்னர் மனைவியார் கருவுற்றிருந்த காலத்தில் கையில் பணமில்லை. அப்போது தாமே இராஜ் கபூரைத் தேடிச் சென்றார். 1949-இல் வெளிவந்த ‘பர்சாத்’ படத்துக்கு இரண்டு பாட்டுகள் எழுதினார். ஐந்நூறு ரூபாய் பெற்றார். மறுத்ததிலும் பெருமை உண்டு. குடும்பத்துக்காக இறங்கி வந்ததிலும் பெருமை உண்டு. குடும்பம் நடத்தும் நமக்கு இது புரியும். அதே 1949-ஆம் ஆண்டில்தான் நம் கண்ணதாசனும் ‘கன்னியின் காதலி’ படத்தில் தம் முதல் திரைப்பாடலை எழுதினார் என்பதை எண்ணி மகிழ்க.

தொழிற்சங்க ஊர்வலங்களில், ஒவ்வொரு கொடுமைக்கும் எதிரே வேலைநிறுத்தமே எங்கள் முழக்கம் என்னும் கருத்துடைய இந்தி முழக்கம் ஒன்றை நீங்கள் கேட்டிருக்கலாம். இரயில்வே வாயிற் கூட்டங்களில் யாமும் கைதூக்கி அதை முழங்கியிருக்கிறோம். அதுவும் சைலேந்திராவின் வரியே. இது தெரியாமலே பல்லாண்டு முழங்கினோம்.

சைலேந்திரா ஒருவர் மட்டும் அல்லர். அவரோடு சேர்ந்து எழுதிய ஹஸ்ரத் ஜெய்ப்பூரி இந்நகரிலே பேருந்து நடத்துநராய் இருந்தவர். மஜ்ரூஹ் சுல்தான்புரி யூனானி மருத்துவம் கற்றவர். பாடலாசிரியருள் முதன்முதலாகத் தாதாசாகேப் பால்கே விருது பெற்றவரும் அவரே. குல்சார் மோட்டார்ப் பட்டறையில், அடிபட்ட வண்டிகளுக்கு வண்ணம் பூசியவர். நம் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரமும் பல தொழில் செய்து பார்த்தவர். 1959-இல் இருபத்தொன்பது வயதில் மறைந்தார். வியர்வை சிந்தியவர் எழுதியதாலோ என்னவோ, இவர்களுடைய பாட்டில் அகராதியைப் புரட்டவேண்டிய சொல் அருகியே வரும்.

இனி, பாட்டுக்குள் நுழைவோம். திரைப்பாட்டு எழுதுவது எளிய தொழில் என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. பெரும்பாலும் மெட்டு முதலில் பிறக்கும். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் ஓர் அச்சை வார்த்துக் கொடுத்துவிடுவார். கவிஞர் அந்த அச்சுக்குள் சொல்லை ஊற்றவேண்டும். நாம் பல்லவி என்பதை அவர்கள் ‘முக்டா’ என்பர். சரணத்தை ‘அந்தரா’ என்பர். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு மனித உள்ளத்தைத் திறந்து காட்டி மூடவேண்டும். அதிலும் கதையை மறக்கக்கூடாது. பாடுபவன் பாமரனாயின் பாமரன் மொழியையே பேசவேண்டும். இத்தனை தளைகளுக்குள்ளும் கவிதை பிழைத்து வருமாயின் அதைப் போற்றாமல் இருப்பது எங்ஙனம்?

1951-இல் வந்த ‘ஆவாரா’ படத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்வதுண்டு. கதாசிரியர் குவாஜா அகமது அப்பாஸ் நெடுநேரம் கதை சொல்லி முடித்தாராம். மூலையில் பேசாமல் அமர்ந்திருந்த சைலேந்திராவிடம், கதை விளங்கிற்றா என்று கேட்டார்களாம். அவர் ஒரே வரியில் முழுக்கதையையும் சொல்லிவிட்டாராம். வானத்து விண்மீனாய் இருக்கவேண்டியவன் வீதியில் அலைபவன் ஆனான் என்பது அதன் கருத்து. அப்படத்தின் பாட்டு சோவியத்து நாட்டிலும் சீனத்திலும் பரவியது. மொழி தெரியாத மக்கள் அதைப் பாடினர்.

‘ஸ்ரீ 420’ என்னும் படம் 1955-இல் வந்தது. பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு நடந்து வரும் ஓர் இளைஞனின் கதை. அவன் உடுத்தியிருப்பது ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டுப் பொருள். காலணி ஒரு நாடு, கால்சட்டை ஒரு நாடு, தொப்பி ஒரு நாடு. ஆனால் நெஞ்சு மட்டும் தன் நாட்டது என்று பாடிக்கொண்டு வருகிறான். தகரப் பெட்டியோடு தாதரில் இறங்கிய நமக்கு இந்தப் பாட்டின் பொருளை எவரேனும் சொல்லித் தரவேண்டுமா? உடையும் ஊணும் இவ்வூரதாய் மாறியபின்னும் நெஞ்சிலே ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர் அல்லமோ நாம்? அதே படத்தில் ஏழை மக்கள் இரவிலே கூடிப் பாடும் மற்றொரு பாட்டும் உண்டு. அதன் பல்லவியில் தெலுங்குச் சொற்கள் வருகின்றன. இராமையா, வருகிறாயா என்பது அவற்றின் பொருள். இந்திக் கவிஞர் தெலுங்கு மொழியைத் தம் பாட்டின் தலையிலே சூடிக்கொண்டார். அதனால் இந்தி தேய்ந்துவிடவில்லை. பெரியவர் அவர்கள் இதை நினைவிற் கொள்ளவேண்டுகிறோம்.

அடுத்து, 1963-ஆம் ஆண்டில் பிமல் ராய் எடுத்த ‘பந்தினி’. இப்படத்தில் குல்சார் எழுதிய ஒரு பாட்டு உண்டு. அது அவருடைய தொடக்ககாலத் திரைப்பாட்டுகளுள் ஒன்று. இசையமைத்தவர் சச்சின் தேவ் பர்மன். பர்மனுக்கும் சைலேந்திராவுக்கும் அப்போது சிறு பிணக்கு. “நான் எழுதவில்லை, அந்த இளைஞர் எழுதட்டும்” என்று குல்சாரை அனுப்பியவர் சைலேந்திராவே. அப்பாட்டில் ஓர் இளம்பெண் நிலாக்காலத்து இரவில் வெளியே வருகிறாள். தன் வெண்ணிறம் நிலவொளியில் தன்னைக் காட்டிக் கொடுக்கும் என்று அஞ்சுகிறாள். அந்நிறத்தை எடுத்துக்கொண்டு கண்ணனின் கருநிறத்தைத் தனக்குத் தரும்படி வேண்டுகிறாள். முகிலை விலக்கி எட்டிப் பார்க்கும் நிலவை இராகு பற்றட்டும் என்று சினக்கிறாள்.

இதில் எவ்வளவு நயம் இருக்கிறது பாருங்கள்! உலகமெல்லாம் சிவப்பு நிறத்துக்கு ஏங்க, இவள் கருமையை இரந்து நிற்கிறாள்.  நிறத்தைச் சொல்லி நெஞ்சைக் காட்டிவிட்டாள். கார்முகில் வண்ணனை நினைந்துருகிய ஆண்டாள் பிறந்த நாட்டவர்க்கு இப்பெண் அயலாள் ஆவாளா? எம் இளைய மகள் கருநிறத்தாள். பள்ளியில் தோழியர் கேலி செய்ததாக ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். இப்பாட்டின் பொருளைச் சொன்னோம். “அப்பா, அவர்களுக்கே தெரியாதா, அவர்கள் பாடுகிற பாட்டில் இப்படி இருக்கிறது என்று?” என்றாள். மறுநாள் சிரித்துக்கொண்டே பள்ளி சென்றாள். குல்சாருக்கு 2009-இல் நம் ஏ. ஆர். இரகுமானோடு ஆஸ்கார் விருது கிடைத்தது. பின்னர் ஞானபீடமும் கிடைத்தது. அவர் தம் தொடக்க காலத்தில் எழுதியது இந்தச் சிறு பாட்டு.

அதே படத்தில் சைலேந்திரா எழுதிய பாட்டு ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். எம்மை இம்மேடைக்குக் கொண்டுவந்தது உண்மையில் அப்பாட்டே.

பழந்தமிழ்ப் பாட்டைப் படிக்கும்போது, இது யார் கூற்று, யாரை நோக்கிய கூற்று, எந்தப் பொழுது என்று முதலில் கேட்கவேண்டும் என எம் தமிழாசிரியர் கற்பித்தார். தலைவி கூற்றா, தோழி கூற்றா என்பது தெரிந்துவிட்டால் பாதிப் பொருள் விளங்கிவிடும் என்பார். அந்தச் சாவியே இந்திப் பாட்டுக்கும் பொருந்துகிறது. இப்பாட்டு ஒரு பெண்ணின் கூற்று. அவள் இருக்கும் இடம் சிறைச்சாலை. அவள் விளிப்பது தொலைவிலுள்ள தந்தையை. பொழுது மழைக்காலமாகிய சாவன் மாதம். வடநாட்டில் அம்மாதத்தில் மணமான பெண்களைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவர். மரக்கிளையில் ஊஞ்சல் கட்டுவர். அழைத்து வரச் செல்பவன் உடன்பிறந்தான். இது நம் ஆடி மாதம் அல்லவா? புதுமணப் பெண்ணை ஆடிக்கு அழைப்பது நம் வழக்கம் அல்லவா?

இந்த ஆண்டேனும் அண்ணனை அனுப்பிவையுங்கள் என்று அவள் தந்தையிடம் வேண்டுகிறாள். ஊஞ்சலையும் மழையையும் தோழியரையும் நினைக்கிறாள். இளமையைப் பகையாக உருவகித்து, தன் விளையாட்டுப் பொருள்களைப் பறித்ததும் பொம்மையைத் திருடியதும் அதுவே என்று முறையிடுகிறாள். சிறைக்குள் இருப்பவளுக்கு அண்ணன் வரமாட்டான் என்பது தெரியும். கேட்கும் நமக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறாளே, அங்கேதான் கவிதை பிறக்கிறது. பாட்டில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. சிறை என்று சொல்லிப் புலம்பவும் இல்லை. ஆஷா போஸ்லே உள்ளடங்கிய குரலில் பாடியிருக்கிறார்.

சாச்சா இப்பாட்டை விளக்கியது ஓர் ஆடி மாதத்து நடுப்பகல். அன்று மாலை வாஷி வண்டியில் கழிப்பாலத்தைக் கடந்துகொண்டிருந்தோம். 1992-ஆம் ஆண்டு மே மாதம் மான்கூர்டிலிருந்து வாஷி வரை இரயில் ஓடத் தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பாலத்தின்மேல் மழை பெய்யும்போது இருபுறமும் வானும் நீரும் ஒன்றாகிவிடும். நின்றபடியே அம்மழையைப் பார்த்துக்கொண்டிருந்த எமக்குத் திடீரென்று தமக்கையார் நினைவு வந்தது.

எமக்கு ஒரே தமக்கை. தந்தையார் மறைந்தபின் பிறந்த வீடு என்று அவருக்கு இருந்தவர் யாம் ஒருவரே. பொங்கல்தோறும் அரிசியும் வெல்லமும் மஞ்சளும் கரும்பும் சேலையும் கொண்டு சென்று, உடன்பிறந்தாளுக்குப் பொங்கற்படி கொடுப்பது எங்கள் பக்கத்து முறை. யாம் முதலில் சில ஆண்டுகள் சென்றோம். பிறகு மணியார்டர் அனுப்பினோம். பிறகு வங்கிக் கணக்கில் பணம் செலுத்தினோம். விடுப்பு இல்லை என்று தமக்கையாரிடம் சொன்னோம். அது பொய். எம் விடுப்புக் கணக்கில் இருநூறு நாளுக்குமேல் சேர்ந்திருந்தது. அந்தக் கணக்கை எழுதியவரும் யாமே.

அந்த வாரமே தாதரில் திருநெல்வேலி வண்டி ஏறினோம். இரண்டு இரவு கழித்து ஊர் போய்ச் சேர்ந்தோம். தமக்கையார் கணவரை இழந்து தனியே இருந்தார். மகன் சென்னையில். எம்மைக் கண்டதும் அவர் கடிந்து பேசவில்லை. உள்ளே சென்று ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் மணியார்டர்த் தாள்களின் அடித்துண்டுகள் இருந்தன. அத்துண்டில் செய்தி எழுதச் சிறிது இடம் இருக்கும் அல்லவா? ‘அக்காவுக்கு, நலம், பொங்கற்படி, தம்பி’ என்று ஆண்டுதோறும் யாம் எழுதிய அதே நான்கு சொற்கள். அனைத்தையும் அடுக்கி நூலால் கட்டி வைத்திருந்தார். “இப்போதும் வங்கிக்குப் பணம் வருகிறது தம்பி. உன் எழுத்துத்தான் வருவதில்லை” என்றார்.

அதன்பின் மூன்று பொங்கலுக்குத் தவறாமல் சென்றோம். நான்காம் பொங்கலுக்குத் தமக்கையார் இல்லை. அந்த மூன்றையும் எமக்குத் தந்தது ஓர் இந்திப் பாட்டு.

சைலேந்திராவின் முடிவையும் சொல்லவேண்டும். பணீஸ்வர்நாத் ரேணுவின் சிறுகதை ஒன்றில் மனத்தைப் பறிகொடுத்து, அதைத் ‘தீஸ்ரீ கசம்’ என்னும் படமாகத் தாமே தயாரித்தார். மாட்டுவண்டி ஓட்டும் ஓர் எளிய மனிதனின் கதை. படம் இழுத்துக்கொண்டே போயிற்று, கடன் பெருகிற்று, 1966-இல் வெளிவந்தபோது வசூல் இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள், நண்பர் இராஜ் கபூரின் பிறந்த நாளன்று, நாற்பத்து மூன்று வயதில் காலமானார். அதன் பின்னரே அப்படம் அவ்வாண்டின் சிறந்த படத்துக்குரிய குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. அந்த மாட்டுவண்டிப் பாட்டுகளை இன்றும் மக்கள் பாடுகின்றனர். கடன் கொடுத்தவர்கள் யார் என்பது எவர்க்கும் நினைவில்லை.

இந்த அண்டை வீட்டுப் பாட்டைக் கேட்பதில் தமிழர் முதன்முறையாக இன்று இறங்கவில்லை. 1953-இல் இராஜ் கபூரின் ‘ஆஹ்’ படம் தமிழில் ‘அவன்’ என்னும் பெயரில் வந்தது. சைலேந்திராவும் ஹஸ்ரத்தும் எழுதிய பாட்டுகளின் மெட்டுக்குத் தமிழ்ச் சொல் தந்தவர் கவிஞர் கம்பதாசன். ஏ. எம். இராஜாவும் ஜிக்கியும் பாடினர். 1956-இல் நௌஷாத் இசையமைத்த ‘உடன் கட்டோலா’ ‘வானரதம்’ ஆயிற்று. அதற்கும் கம்பதாசனே எழுதினார். நடிப்பவரின் வாயசைவுக்கும் மெட்டுக்கும் ஒருங்கே பொருந்துமாறு எழுதுவது எத்தகைய இடர்ப்பாடு! அக்காலத்தில் இலங்கை வானொலி ஒரே கொழும்பிலிருந்து இந்திப் பாட்டையும் தமிழ்ப் பாட்டையும் ஒலிபரப்பிற்று. இரண்டையும் கேட்டு வளர்ந்த தலைமுறை தமிழை மறந்துவிடவில்லை. கண்ணதாசனையும் பட்டுக்கோட்டையாரையும் தலைமேல் வைத்துக் கொண்டாடியதும் அந்தத் தலைமுறையே.

பெரியவர் அவர்களே! இப்போது தங்கள் வினாவுக்கு வருகிறோம். தாங்கள் 1965-இல் எதிர்த்தது ஒரு மொழியின் திணிப்பை. அதிகாரம் கொண்டு ஒரு மொழியை வாயில் திணித்தால் அதைத் துப்புவது மானமுள்ளவர் செயல். அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் மாதுங்காப் பட்டறைத் தொழிலாளி ஒருவர் தம் மனத்துயரைப் பாடும்போது அவர் நம்மீது எதையும் திணிக்கவில்லை. அண்டை வீட்டில் ஒருவர் அழுதால் எந்த மொழியில் அழுகிறார் என்று பார்த்தா நாம் கதவைத் திறக்கிறோம்? பிற நாட்டு நல்ல நூல்கள் தமிழில் வரவேண்டும் என்று பாரதியார் விரும்பினார். பம்பாயில் வாழும் நமக்கோ அவை வாசலிலே வந்து பாடிக்கொண்டிருக்கின்றன.

உண்மையில் அஞ்சவேண்டியது வேறொன்று. நம் குழந்தைகள் இந்திப் பாட்டைப் பொருள் தெரியாமல் பாடுகின்றனர்; தமிழ்ப் பாட்டையும் பொருள் தெரியாமலே பாடுகின்றனர். சற்றுமுன் இம்மேடையில் ஒரு சிறுமி மிக இனிமையாகத் தமிழ்ப் பாட்டுப் பாடினாள். அவள் கையிலிருந்த தாளில் அப்பாட்டு தேவநாகரி எழுத்தில் எழுதியிருந்தது. அவளைக் குறை சொல்லவில்லை, குறை நம்முடையது. இரண்டு மொழியிலும் ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லை வாசலில் நிறுத்திவிட்டோம். சொல்லின் சுவையை ஒரு மொழியில் அறிந்தவன் மற்றொரு மொழியிலும் அதைத் தேடுவான். யாம் இந்தியில் சாவனை அறிந்த பிறகே தமிழில் ஆடியின் பொருளை அறிந்தோம். முல்லைத் திணையில் கார்காலம் வந்தும் தலைவன் வராமல் தலைவி வருந்தும் பாட்டுகளைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த யாம், கழிப்பாலத்து மழைக்குப் பிறகு சங்க நூலகத்தில் அந்நூலைத் தேடி எடுத்து மனத்துக்காகப் படித்தோம்.

ஆகவே சங்கத்துக்குப் பணிவான வேண்டுகோள் ஒன்று. நம் தமிழ் வகுப்பில் மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாட்டுக்கென ஒதுக்கவேண்டும். ஒவ்வொரு குழந்தையும் தான் விரும்பும் இந்திப் பாட்டையோ, நம்மை வாழவைக்கும் மராத்தி மொழியின் பாட்டையோ கொண்டு வரட்டும். யார் பாடுகிறார், யாரிடம் பாடுகிறார் என்பதைத் தமிழில் சொல்லட்டும். பிறகு அதே உணர்ச்சியுள்ள ஒரு தமிழ்ப் பாட்டைப் பெற்றோர் துணையோடு தேடிக் கொணர்ந்து, தமிழ் எழுத்தைப் பார்த்தே படிக்கட்டும். பொருள் சொல்வதற்குத் தமிழ்ச் சொல் தேவைப்படும். தேவைப்படும் சொல் நாவில் நிற்கும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு பாயும் ஒரு மணி நேரமும் போதும்.

அந்த வகுப்பின் முதல் நாளுக்குத் தலைமை தாங்குமாறு முன் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களையே இம்மேடையிலிருந்து வேண்டிக்கொள்கிறோம். தமிழுக்காகச் சிறை சென்றவர் முன்னிலையில் ஒரு குழந்தை, சிறையிலிருந்து அண்ணனை அழைக்கும் பெண்ணின் பாட்டுக்குத் தமிழில் பொருள் சொல்லட்டும். அதற்குப் பின்னும் தமிழ்ச் சங்கத்தில் இப்பாட்டுக்கு என்ன வேலை என்று அவர் கேட்பாராயின், யாம் தலைவணங்கி ஏற்றுக்கொள்வோம்.

இறுதியாக ஒன்று. ஊரில் தமக்கையோ தங்கையோ உள்ளவர் இங்கே பலர் இருப்பீர்கள். பணம் அனுப்பியிருப்பீர்கள், நன்று. இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் விடுப்புக் கணக்கை ஒருமுறை பாருங்கள்.